மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி பேசாம உக்காந்திருக்காங்க?

வணக்கமுங்க. ஸ்கிசோஃப்ரினியாங்கற மனநோய்னா காதுல குரல் கேக்கறது, ஆரோ கொல்ல வர்றாங்கன்னு பயப்படறது, இதுதான் எல்லாருக்கும் தெரியும். அது பெரும்பாலும் மாத்திரைல அடங்கிருது. ஆனா அதுக்கப்புறமும் பையன் கட்டிலை விட்டு எந்திரிக்க மாட்டீங்கறான், குளிக்கறதில்ல, ஒறம்பரை வந்தா உள்ள போயிர்றான், என்ன கேட்டாலும் ஒத்த வார்த்தைல பதில், மொகத்துல சிரிப்புமில்ல அழுகையுமில்ல. "தின்னுபோட்டு தூங்கறான், சோம்பேறி"ம்பாங்க வூட்ல. சோம்பேறித்தனம் இல்லைங்க, டாக்டருங்க நெகட்டிவ் சிம்ப்டம்ஸ்னு சொல்றது இதைத்தான்.

(திரையில்: மாத்திரை அட்டை)

மூளைல இருக்கற டோபமைன்ங்கற ரசாயனத்தை அடக்கற மாத்திரைக குரலுக்கு நல்லா கேக்கும், இதுக்கு அவ்வளவா கேக்காது. 2017ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்த ஆய்வுல 461 பேருக்கு 26 வாரம் குடுத்துப் பாத்ததுல ரிஸ்பெரிடோன்ங்கற மாத்திரைய விட கேரிப்ரசின்ங்கற மாத்திரை இதுக்கு கொஞ்சம் நல்லா வேலை செஞ்சுது. கொஞ்சம்தான், அதிசயமெல்லாம் எதிர்பாக்காதீங்க. அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது, இது நோயேதானா, இல்ல டோஸ் அதிகமாகி வர்ற மந்தமா, கை நடுக்கம் வெறைப்பு இருக்கே அதனாலயா, கூட டிப்ரஷன் இருக்கா, குரல் இன்னும் கேட்டுட்டு இருக்கறதால ஒதுங்கறானான்னு. ஏன்னா இதுக்கெல்லாம் வைத்தியம் வேற. மந்திரிக்க கூட்டிட்டுப் போறவங்க போங்க, ஆனா நீங்களா மாத்திரைய நிறுத்திப்போடாதீங்க.

இப்ப வூட்டு விசயம். "கோயிலுக்கு வர்றியா?"ன்னு கேட்டா "வரல"ன்னுதான் வரும். ஆராய்ச்சிக்காரங்க பாத்த வரைக்கும், நல்லது ஒண்ணு நடக்கறப்ப சந்தோசப்பட இவங்களால ஓரளவு முடியுது, அங்க போனா நல்லாருக்கும்னு முன்கூட்டியே தோணறதுதான் அடிபடுது. அதனால கேக்காதீங்க, "பொழுதோட கடைவீதிக்கு போறோம் கண்ணு"ன்னு சட்டைய எடுத்து கைல குடுத்துட்டு கூடவே நடங்க, அன்னைக்கு முடியலைன்னா விட்ருங்க, இழுக்க வேண்டாம்.

திருப்பூர்ப் பக்கம் பனியன் பிசிறு வெட்டற வேலை வூட்டுக்கே வருமல்ல, அம்மா பக்கத்துல உக்காந்துட்டு பத்து பீஸ் அவன்கிட்ட தள்ளுங்க. "நேத்து இருபது வெட்டுனியே"ன்னு கணக்கு கேக்காதீங்க. குத்திக்காட்டற வூட்ல நோய் திரும்ப வர்றது அதிகம்னு 1970கள்லயே லண்டன்ல பாத்துட்டாங்க. எனக்குக் கேட்டா இந்த நோய்ல பாதி சண்டை அந்த கணக்குலதான்.

எங்க போறதுன்னு தெரியலைன்னா மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்குது. இல்லைன்னா டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி போன் நம்பர் 14416, காசு கெடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பையன் பேச மாட்டீங்கறான்னா நீங்களே கூப்பிடுங்க, வூட்டுக்காரங்களும் பேசலாமுங்க.