சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளையை ஆளாக்குவது பாடவேளையே

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மார்கழிப் பனி இன்னும் விலகாத இந்த இரவில் பொங்கல் விழா மேடைக்கு முன்னால் போர்வையோடு வந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோரே, தாய்மாரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

"சிற்றூர் உயர்நிலைப் பள்ளியின் ஓராண்டில் பிள்ளையை ஆளாக்குவது வகுப்பறைப் பாடங்களா, வெளியே நடக்கும் செயல்பாடுகளா?" இதுதான் நம் முன் உள்ள கேள்வி. நான் பாடங்களின் பக்கம் நிற்கிறேன். அறிவியல் ஆசிரியையாக இப்படிப்பட்ட பள்ளிகளிலேயே வேலை பார்த்து வருகிறேன். அதனால் இது எனக்கு மேடைக்காக எடுத்துக்கொண்ட கட்சி அல்ல.

எதிரணித் தலைவர் கலைத் திருவிழாவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நானும் அந்த மேடையின் முன் நின்று கைதட்டியவள்தான். 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய அந்த விழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நம் பிள்ளைகளை மேலே ஏற்றிக் காட்டியது. நல்ல விழா. ஆனால் நடுவர் அவர்களே, படி ஏற ஏற ஆட்கள் குறைகிறார்கள். கரகம் ஆட எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தால் மற்றப் பிள்ளைகள் பார்வையாளர்கள். கபடிக் குழுவிலும் அப்படித்தான், பேச்சுப் போட்டியிலும் அப்படித்தான். செயல்பாடு என்றாலே தேர்வு செய்தாக வேண்டும். பாடவேளை யாரையும் தேர்வு செய்வதில்லை. முதல் வரிசைப் பிள்ளைக்கும் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை, அதே நாற்பது சொச்சம் நிமிடங்கள். கூச்சத்தில் குரல் எழாத பிள்ளைக்கு, ஓடத் தெரியாத பிள்ளைக்கு, ஆடை வாங்கக் காசில்லாமல் நடனத்தில் பெயர் கொடுக்காத பிள்ளைக்கு, பள்ளி கேட்காமலே கொடுக்கும் ஒரே பொருள் பாடம்.

இந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்பதை மறந்துவிட்டு இந்தத் தலைப்பைப் பேச முடியாது. ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். நடுநிலைப் பள்ளியாக இருந்து தரம் உயர்ந்த பல ஊர்களில், ஒரு தலைமையாசிரியர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், இவ்வளவுதான் மொத்தப் படை. ஐந்து வகுப்புகளுக்கும் கணக்கு ஒருவரே. குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினால் அன்றைக்கு அந்த ஊரிலேயே கணக்கு இல்லை. பயிற்சிக்குப் போனாலும் இல்லை. தேர்தல் பணிக்குப் போனாலும் இல்லை. கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்ற உட்கார்ந்தாலும் இல்லை. நகரத்துப் பெரிய பள்ளியில் ஒருவர் போனால் அடுத்த பிரிவு ஆசிரியர் வந்து நடத்துவார். மாலையில் டியூஷன் இருக்கும். வீட்டில் படித்த அப்பாவோ அக்காவோ இருப்பார்கள். நம் பிள்ளை தவறவிட்ட பாடத்தை நம் பிள்ளைக்குச் சொல்லித்தர இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஜூன் மாதம் சேர்க்கையிலும் புத்தகம் கொடுப்பதிலும் போய்விடும். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்டில் சுதந்திர தின ஒத்திகையும் விளையாட்டுப் போட்டிகளும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறையைத் தாண்டினால் அரையாண்டு. இப்போது பொங்கல். இனிப் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பிறகு பொதுத்தேர்வு. இதில் பாடத்துக்கென்று அமைதியாகக் கிடைக்கும் நாட்கள் எத்தனை என்று ஒவ்வோர் ஆசிரியரும் நாட்காட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். அந்த நாட்களுக்காகத்தான் நான் இங்கே வாதாடுகிறேன்.

அடுத்து வந்த எதிரணி நண்பர், பாடம் என்றால் மனப்பாடம், செயல்பாடு என்றால் அனுபவம் என்று பிரித்தார். அந்தப் பிரிவை நான் ஏற்கவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதில் செம்பு சல்பேட் சோதனை வரும். இங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். மயில்துத்தம் என்றால் உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்போடு கலந்து பயிருக்கு அடிக்கிறோமே, அதே நீலப் படிகம். அதைச் சோதனைக்குழாயில் போட்டு மெல்லச் சூடு காட்டினால் நீலம் வெளுத்து வெள்ளைப் பொடியாகிவிடும். குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளி கோக்கும். ஆறியபின் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். பிறந்ததிலிருந்து வீட்டுத் திண்ணையில் அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதற்குள் ஐந்து நீர் மூலக்கூறு கட்டுண்டு கிடந்தது என்பதை அந்த நிமிடத்தில்தான் அறிகிறது. அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நடுவர் அவர்களே! "டீச்சர், இன்னொரு தடவை" என்று கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. இது பாடம். கால அட்டவணையில் இருக்கும், பாடநூலில் இருக்கும், தேர்வில் கேட்கப்படும் பாடம். இதற்கு மேல் என்ன அனுபவம் வேண்டும்?

எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி வருகிறது. நகைக்கடன் ரசீதையும் மகளிர் குழுக் கடன் அட்டையையும் அம்மா யாரிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்? எட்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம்தான். அந்தப் பாடவேளை சரியாக நடந்த வீட்டில் வட்டிக்கு வட்டி எப்படி ஏறுகிறது என்பது தெரிந்துவிடுகிறது. அதே எட்டாம் வகுப்பில்தான் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு. அதில் தேர்ச்சி பெற்றுத் தேர்வான பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் சின்னத் தொகையா? அந்தத் தேர்வில் கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் கேட்கிறார்கள். நடத்தாத பாடத்திலிருந்து கேட்டால் அந்தப் பிள்ளை என்ன எழுதும்?

இன்னும் பத்தாண்டு கழித்துப் பாருங்கள். கிளை நூலகத்தில் இருபத்தைந்து வயது இளைஞர்கள் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் என்ன புத்தகம்? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் தகுதி, அந்தத் தரத்தில்தான் வினாக்கள். பதின்மூன்று வயதில் புரிந்து படித்தவருக்கு அது நினைவூட்டல். அன்று பாடம் கிடைக்காமல் போனவர், வேலைக்கும் போய்க்கொண்டு இரவில் தனியாக எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

மாரியப்பன் தங்கவேலுவின் பெயரை எதிரணியில் சொன்னார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியிலிருந்து போய், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கும் மெய் சிலிர்க்கிறது. அவரை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். கவனியுங்கள், ஆசிரியர். ஒருநாள் விளையாட்டு விழா அவரை உருவாக்கவில்லை. பிள்ளையை நாள்தோறும் பார்த்த ஒருவரின் கண் உருவாக்கியது. அந்தக் கண் நம் சிறிய பள்ளிகளில் எங்கே? முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகள் ஏராளம். 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரைநாள் வந்தார்கள். எதிரணியினர் மாரியப்பன்கள் வேண்டும் என்று உண்மையாகவே கேட்டால், விளையாட்டும் ஒழுங்கான பாடவேளையாக, நிரந்தர ஆசிரியரோடு நடக்க வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும். அப்போது அவர்கள் என் பக்கம் வந்துவிடுகிறார்கள்.

விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் பிடுங்கிக்கொள்கிறார் என்று ஒரு மாணவன் இந்த மேடையிலேயே குறைப்பட்டான். அவன் சொன்னது நியாயம். அது தவறு. ஆனால் ஜனவரியில் கணக்கு ஆசிரியர் ஏன் விளையாட்டுப் பாடவேளையைக் கேட்கிறார் என்றால், ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவருடைய பாடவேளைகள் பறிபோயிருக்கின்றன. அன்று அவருக்கு அவருடைய நேரத்தைக் கொடுத்திருந்தால் இன்று அந்த மாணவன் பந்தோடு வெளியே இருப்பான்.

கடைசியாக, செயல்பாடுகள் இல்லாவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கே வரமாட்டார்கள் என்றார்கள். இதற்குத்தான் நான் அதிகம் வருந்துகிறேன், ஏனென்றால் நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கு நடந்து போகிறவர்கள் நாங்கள். எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சியில் நிறுத்துவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்குத் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிகிறது என்றால், பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் அதைக் கொல்கிறது. ஆண்டு விழாவன்று அது வரும். நாற்காலி தூக்கும், தோரணம் கட்டும், எல்லோரையும்விட ஆர்வமாக வேலை செய்யும். மறுநாள் வகுப்புக்கு வராது. அதை மீட்க இன்னொரு விழாவால் முடியாது. யாராவது பக்கத்தில் அமர்ந்து வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட காலத்தில் கண்மாய் இருந்தது, மைதானம் இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளின் ஆட்டம் நின்றுவிடவில்லை. பாடவேளை மட்டும்தான் இல்லை. திரும்பி வந்தபோது கழித்தல் மறந்திருந்தது, வாசிப்பு தடுமாறியது. அந்த ஒன்றை ஈடுகட்டத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' என்று மாலை வகுப்புகளைத் தெருத் தெருவாக நடத்த வேண்டி வந்தது.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விழாக்கள் எல்லாம் நடந்து, கணக்கு மட்டும் நடக்காத ஓராண்டை உங்கள் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கச் சம்மதிப்பீர்களா? ஆம் என்று இந்த ஊர் முன்னால் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நடுவர் மணி அடித்துவிட்டார். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.