தாழ்ப்பாள் போடாத கதவு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்களுக்குத் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கத்தோலிக்கர்கள் நாங்கள் அப்படிச் சொல்வோம். மற்ற சபையார் பலர் அட்வெந்து என்பார்கள். பெயர் எதுவானாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தான் கணக்கு. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதை ஒட்டி வரும் ஞாயிறு முதல் ஞாயிறு. அதனால் இந்தக் காலம் சில வருஷம் 22 நாளில் முடியும், சில வருஷம் 28 நாள் வரை போகும்.

இந்த நாட்களை நாம் தொலைத்துக்கொண்டு வருகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் ஏறிவிடுகிறது. பத்தாம் தேதிக்குள் கேக் வெட்டியாகிறது, கீத பவனியும் கிளம்பிவிடுகிறது. 25-ம் தேதி மதியச் சாப்பாட்டோடு எல்லாம் முடிந்தது. ஆனால் திருச்சபைக் காலண்டரில் கிறிஸ்துமஸ் காலம் தொடங்குவதே அன்றைக்குத்தான். விழா தொடங்கும் நாளில் நமக்கு விழா அலுத்துப்போயிருக்கிறது. ஏன்? காத்திருக்க மறந்துவிட்டோம்.

காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது மறைக்கல்விப் புத்தகம் இல்லை, எங்கள் ஆயா, அதாவது பாட்டி. நான் பிறந்தது ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் ஒரு சிற்றூர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கதையும் இதுதான், எனக்குத் தெரியும். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு ஓசூர் வந்து, அங்கிருந்து கடைசி பஸ் பிடித்து ஊருக்கு வருவார். எந்தச் சனிக்கிழமை என்று சொல்ல முடியாது. போன் கிடையாது, கடிதாசியும் கிடையாது. வந்தால் வந்ததுதான்.

ஆயா ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வருவதாகவே வைத்துக்கொள்வார். பொழுது சாயும்போது லாந்தர் கண்ணாடியைக் கழற்றுவார். அடுப்புச் சாம்பலைத் துணியில் ஒற்றி, கையை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். கரி போனதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மூச்சை ஊதி மறுபடியும் துடைப்பார். களி கிண்டினால் ஓர் உருண்டை தனியாக எடுத்து, தட்டு மூடி அடுப்பு மேட்டில் சூட்டோரமாக வைப்பார். கால் கழுவ வெந்நீர் அடுப்பிலேயே இருக்கும். கதவைச் சாத்துவார், ஆனால் தாழ்ப்பாள் போடமாட்டார். மார்கழிப் பனி கதவிடுக்கில் புகுந்து வரும். எங்களுக்குப் பல் கிடுகிடுக்கும். "தாழ்ப்பாள் போடு ஆயா" என்று கெஞ்சுவோம். "வர்றவன் கதவு தட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்பார். அவ்வளவுதான்.

ரோட்டில் பஸ் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே எங்கள் ஊரில் நிற்கிறதா, நிற்காமல் போகிறதா என்று சொல்லிவிடுவார். பல வாரம் நிற்காது. அந்தக் களி மறுநாள் காலை எங்களுக்குக் கூழாகும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் லாந்தர், மறுபடியும் சாம்பல்.

நேயர்களே, காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்றுதான் நினைக்கிறோம். ஆயாவுக்குக் காத்திருப்பு என்றால் கை நிறைய வேலை. முதல் ஞாயிறு கோயிலுக்குப் போங்கள். விழித்திருங்கள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதியைத்தான் அன்றைக்கு வாசிப்பார்கள். ஒரு வருஷம் மத்தேயு, ஒரு வருஷம் மாற்கு, ஒரு வருஷம் லூக்கா. மாற்கு 13-ம் அதிகாரத்தில் வருவது, வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரா, நள்ளிரவில் வருவாரா, சேவல் கூவும்போது வருவாரா தெரியாது என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாம்பல் துணிதான் கண்முன் வரும்.

சரி, நம் கைக்கு என்ன வேலை? முதலில் மெழுகுதிரி வளையம். நான்கு திரி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவது. கோயிலில் பார்த்திருப்பீர்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு; அது மகிழ்ச்சி ஞாயிறு. இந்த வழக்கம் பிறந்த கதை அழகானது. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் யோகான் ஹின்ரிக் விகர்ன் என்ற லுத்தரன் சபை இறையியலாளர், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்தார்களாம். அவர் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, வார நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரியும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரியும் வைத்தார். தினம் ஒன்றாக ஏற்றிப் பிள்ளைகள் நாளை எண்ணினார்கள். லுத்தரன் வீட்டில் பிறந்ததைக் கத்தோலிக்கர்கள் வாங்கிக்கொண்டோம், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். கடையில் பிளாஸ்டிக் இலை வாங்காதீர்கள். இது மாமரத்து நாடு. நான்கு கொத்து மாவிலை போதும். ராச்சாப்பாட்டுக்கு முன்னால் லைட்டை அணைத்துவிட்டு, வீட்டில் சின்னப் பிள்ளை எதுவோ அது திரியை ஏற்றட்டும். பைபிளில் எசாயா புத்தகத்திலிருந்து நாலு வரி வாசியுங்கள். ஐந்து நிமிஷம் ஆகாது.

அடுத்தது குடில். தீவனத் தொட்டியை இப்போதே வையுங்கள், காலியாக. குழந்தை இயேசு சுரூபம் 24-ம் தேதி இரவுதான். நம் பக்கம் இது கேழ்வரகு அறுப்பு சீசன். தார் ரோட்டில் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வைக்கோல் தாளில் ஒரு கைப்பிடி எடுத்து வந்து குடில் பக்கத்தில் வையுங்கள். யாருக்காவது ஒரு நல்லது செய்தால், ஒரு தாளை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும்; குழந்தை இயேசுவுக்கு அதுதான் மெத்தை. யாருக்கு என்ன செய்தோம் என்று சொல்லக் கூடாது. என் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன், ஏழு வயதிருக்கும், ஒரு நாள் ஐந்து தாள் போட்டான். மறுநாள் வந்து இரண்டைத் திரும்ப எடுத்தான். ஏன் என்று கேட்டேன். "தங்கச்சியை அடிச்சிட்டேன், பாப்பாவுக்குக் குத்தும்" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. எடுத்த இரண்டையும் அவன் வெள்ளிக்கிழமை திரும்பப் போட்டான்.

பிடி அரிசி நம் அம்மாக்கள் விட்டுவிட்ட வழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. அரிசியோ, ராகி மாவோ, இந்த நான்கு வாரம் மட்டும் செய்து பாருங்கள். 24-ம் தேதி அதை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும்.

ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் செய்யச் சொன்ன திருமுழுக்கு யோவானைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன். பள்ளத்தாக்கை நிரப்புங்கள், கோணலை நேராக்குங்கள் என்பார். தொப்பூர் கணவாயில் லாரி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வசனத்துக்கு விளக்கமே வேண்டாம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடப் போவது நமக்குள் அந்த ரோடு வேலை. கடைசி நாள் வரிசையில் நிற்காமல் முதல் இரண்டு வாரத்திலேயே போய்விடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகள், ஏழு பெயர்களால் ஆண்டவரை வாரும் என்று கூப்பிடும் பழைய வேண்டல்கள் உண்டு. ஞானமே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, இம்மானுவேலே என்று போகும். ஒவ்வொன்றாகச் சொல்ல நேரமில்லை. 21-ம் தேதிக்கு உரியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவரை விடியலே என்று கூப்பிடுவோம். வருஷத்தின் மிக நீண்ட இரவும் அதை ஒட்டித்தான் வருகிறது. அன்று ராத்திரி, பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, விடியலே வாரும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா ஒரு கிறிஸ்துமஸுக்கு 24-ம் தேதி கடைசி பஸ்ஸில் வந்தார். கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

நன்றி, வணக்கம்.