கன்யே போட்டது ஓட்டா, கும்பிடா?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்கணும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவின் கன்யே தெற்குத் தொகுதியில் 1969 தேர்தலில் ஜெயித்தது கோசியா, குடிமக்களா என்பது தலைப்பு. நாங்கள் குடிமக்கள் பக்கம். கோசி என்றால் செட்ஸ்வானா மொழியில் குலத்தலைவர். நமக்கும் கோ என்றால் அரசன்தான், ஒரு 'சி' கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். "கோசியே வாசலில் வந்து நின்றால் ஜனம் போட்டது ஓட்டா? கும்பிடு!" சரி ஐயா, கும்பிடுதான். அதற்கு முன்னால் அந்த ஊரில் ஒரு வாத்தியார் இருந்தாரே, அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

மசீரே என்று பெயர். கன்யேயில் பள்ளிக்கூடம் தொடங்கி தலைமையாசிரியராக இருந்தார். 1928ல் பட்டத்துக்கு வந்த கோசி இரண்டாம் பாத்துவென் பள்ளிக்கூடத்தில் எதற்கெடுத்தாலும் தலையிட, இரண்டு பேருக்கும் ஆகவில்லை. வாத்தியார் விவசாயத்துக்குப் போனார். நன்றாகவே விளைவித்தார், 1957ல் தேர்ந்த விவசாயி என்று சான்றிதழே வாங்கிவிட்டார். அப்புறம் நிலத்தைச் சுற்றி வேலி போட்டார். பொது நிலத்தில் வேலியா என்று கோசி நிலத்தையே பிடுங்கிக்கொண்டார். பாருங்கள், மாடு உள்ளே வரக்கூடாது என்று போட்ட வேலி, கோசி உள்ளே வந்துவிட்டார்!

இப்போது 1965, முதல் தேர்தல். கோசி சிங்காசனத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். ஊர் யாரை ஜெயிக்க வைத்தது? வேலி போட்ட வாத்தியாரை! நண்பரே, அன்றைக்கு உங்கள் கும்பிடு எங்கே போயிருந்தது, லீவிலா?

மசீரே துணை ஜனாதிபதியே ஆகிவிட்டார். நிலம் ஒதுக்கும் அதிகாரத்தைக் கோசிகளிடமிருந்து எடுத்து நில வாரியங்களிடம் கொடுக்க 1968ல் சட்டமும் வந்தது. கோசியாக இருந்துகொண்டு நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. 41 வருஷ சிங்காசனத்தை மகனிடம் விட்டுவிட்டு, எதிர்க்கட்சியான தேசிய முன்னணியில் சேர்ந்து, அதே வாத்தியாரை எதிர்த்து 1969 தேர்தலில் நின்றார் பாத்துவென். மறுபடி சொல்கிறேன், விட்டுவிட்டு வந்துதான் நின்றார். துணை ஜனாதிபதி தோற்றார்! அன்றைக்கு ஆண்ட, வாத்தியாருடைய ஜனநாயகக் கட்சியின் சின்னம் என்ன தெரியுமா, வண்டி தூக்கும் ஜாக்கி. 31 இடத்தில் 24ஐத் தூக்கிய ஜாக்கிக்கு வாத்தியாரைத் தூக்க முடியவில்லை. கடைசியில், சபையே தேர்ந்தெடுக்கும் நாலு சிறப்பு இடங்களில் ஒன்றைப் பிடித்துத்தான் உள்ளே வந்தார்.

சிங்காசனத்தில் இருந்தவரை கோசியின் பகையாளிக்கு ஓட்டு, இறங்கி வந்து கேட்டதும் கோசிக்கு ஓட்டு. இதைக் கும்பிடு என்றால், கும்பிடு போட்டது யார்? 41 வருஷம் கும்பிடு வாங்கியவர் ஐயா!

இன்னும் நாலைந்து பாயின்ட் எழுதி வைத்திருந்தேன், காகிதம் இதோ பையில். நடுவர் கை மணிக்குப் போகிறது.

அந்தக் காலத்தில் அங்கே ஓட்டு வண்ண வில்லையில்தான், கட்சிக்கு ஒரு நிறம். ஒரு கிழவியை நினைத்துப் பாருங்கள். மறைப்புக்குள்ளே நின்று, ஒரு வில்லையை எடுத்து உறைக்குள் போடுகிறாள். ஒரு பக்கம் அவள் 41 வருஷமாகப் பார்த்த கோசி, இன்னொரு பக்கம் அவள் பேரனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார். அந்தக் கை ஒரு நிமிஷம் நடுங்கியிருக்காதா? அந்த நடுக்கம் கும்பிடா நண்பரே?

தோற்ற வாத்தியார் 1980ல் ஜனாதிபதியாகி 18 வருஷம் நாட்டை ஆண்டார். 2017ல் செத்தபோது எங்கே புதைத்தார்கள்? கன்யேயில். கைவிட்ட ஊர் என்று அவர் நினைக்கவில்லை ஐயா, அங்கேயே வந்து படுத்துக்கொண்டார். நன்றி, வணக்கம்.