அல்புமின் ஏத்தும்போது ஏன் ரத்த குரூப் பாக்கல?

அடுத்த கேள்வி, ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி கெட்டிப்பட்டுப் போச்சு. வயித்துல நீர் கோத்து 8 லிட்டர் எடுத்தாங்க. அப்போ கையில மஞ்சளா மூணு பாட்டில் ஏத்துனாங்க. ரத்தத்துல இருந்து எடுத்த மருந்துன்னு நர்ஸ் சொன்னாங்க. ஆனா குரூப்பே பாக்கலையே, தப்பாயிடாதா? தெம்புக்கு மறுபடியும் போடச் சொல்லலாமா?"

தப்பு ஒண்ணும் நடக்கலம்மா. அது அல்புமின், லிவர் தயாரிச்சு ரத்தத்துல விடுற ஒரு புரதம். அதுக்கு குரூப் பாக்க வேண்டியதே இல்ல.

குரூப்ங்கிறது எங்க இருக்கு? ஏ, பி அடையாளம் சிவப்பணு மேல இருக்கு. அதுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், பிளாஸ்மாங்கிற ரத்தத்தோட நீர்ப்பகுதியில மிதக்குது. அதனால உறைய வெச்ச பிளாஸ்மாவை (எஃப்எஃப்பி) ஏத்தினா குரூப் பாத்தே ஆகணும். அதுவும் தலைகீழா! சிவப்பணுன்னா ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் கொடுக்கலாம்பாங்க இல்ல? பிளாஸ்மாவுல அந்த இடம் ஏபி குரூப்புக்கு, அதுல அந்த ஆன்டிபாடி கிடையாது. மருத்துவ மாணவர்களே இதுல தடுமாறுவாங்க. அல்புமின் பாட்டில்ல சிவப்பணுவும் கிடையாது, அந்த ஆன்டிபாடியையும் பிரிச்சு எடுத்துடுறாங்க. பிறகு எதோட எதைப் பொருத்திப் பாக்கிறது?

இப்படிப் பிரிக்கிற வழியை எட்வின் கோன்னு ஒரு விஞ்ஞானி 1940கள்ல கொண்டுவந்தார். குளிர்ந்த எத்தனால்ல ஒவ்வொரு புரதமா படிய வைக்கிறது. 1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர் தாக்குதல்ல காயம்பட்டவங்களுக்கே அல்புமின் ஏத்தியிருக்காங்க. கிருமி பயமும் வேண்டாம், 60 டிகிரியில 10 மணி நேரம் சூடு காட்டித்தான் வெளிய விடுறாங்க.

சரி, அப்பாவுக்கு எதுக்குப் போட்டாங்க? 8 லிட்டரை ஒரே நாள்ல எடுத்துட்டா, வயிறு லேசாகும், ஆனா ரத்தக்குழாய் தளர்ந்து உள்ள ஓட்டம் குறையும். மொதல்ல அடி வாங்குறது கிட்னிதான். அல்புமின் குழாய்க்குள்ள தண்ணிய இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். 5 லிட்டருக்கு மேல எடுத்தா, எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம்னு கணக்கு. 20 சதவீத பாட்டில் 100 மில்லியில 20 கிராம் இருக்கும். மூணு பாட்டில்னா 60 கிராம். எட்டு லிட்டருக்கு அளவு சரியாத்தான் இருக்கு, கணக்குப் பாத்துத்தான் போட்டிருக்காங்க.

இப்ப அந்தத் தெம்பு விஷயம். இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. ரிப்போர்ட்ல அல்புமின் அளவு குறைஞ்சு 2.4ன்னு பாத்ததும், "டாக்டர், ரெண்டு பாட்டில் ஏத்திடுங்க"ன்னு நிப்பாங்க. அந்த நம்பர் குறையுறது லிவர் சரியா தயாரிக்கலங்கிறதுக்கு அடையாளம். வெளியில இருந்து ஊத்தி நம்பரை ஏத்திட்டா லிவர் தேறிடாது. பிரிட்டன்ல சிரோசிஸ் முத்தி ஆஸ்பத்திரியில சேர்ந்த 777 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2021ல வெளியிட்டாங்க. நம்பரை உயர்த்தணும்னே ஒரு பிரிவுக்கு தினமும் அல்புமின் கொடுத்துப் பாத்தாங்க. பலன் ஒண்ணும் கூடல. நுரையீரல்ல நீர் கோக்கிற மாதிரி தொந்தரவுதான் அவங்களுக்கு அதிகமாச்சு. தண்ணிய உள்ள இழுக்கிற மருந்து இல்லையா, இழுத்த தண்ணி எங்கயாவது போகணுமே.

அதனால நீங்களா கேட்டுப் போடாதீங்க. வயித்து நீர்ல கிருமி தொத்தினா, சிரோசிஸ்ல கிட்னி கெட ஆரம்பிச்சா, அப்ப டாக்டரே சொல்லுவார். அங்க உண்மையிலேயே உயிர் காக்கிற மருந்து அது.

  

ஒண்ணு மட்டும் கவனிங்க. அல்புமின் ஏத்தின ஒண்ணு ரெண்டு நாள்ல அப்பா "படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தாத்தான் நல்லா இருக்கு"ன்னு சொன்னாலோ, சிறுநீர் குறைஞ்சாலோ, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.