முதலில் மண்ணுக்கு அடியில்

(தாம்பரம் மாநகராட்சி, செம்பாக்கம் பகுதியில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில், மாமன்ற உறுப்பினர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்கும் வேட்பாளர் பேசியது)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே இங்கே வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். பின்னால் நிற்கும் அந்த ஐயாவுக்கு யாராவது ஒரு நாற்காலி கொடுங்கள். சரி, ஆரம்பிக்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் இந்தப் பக்கம் குடிவந்தது 1996-ல். தாம்பரம் வேளச்சேரி சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வரைக்கும் மண் பாதைதான். இரண்டு பக்கமும் காலி மனை, எல்லைக்கல், வேலிக்காத்தான். கிணற்றில் பதினைந்து அடியில் தண்ணீர் கிடந்தது. ராத்திரி தவளைச் சத்தத்தில் தூக்கம் வராது என்று என் மாமியார் குறைப்பட்டுக்கொள்வார். அன்றைக்கு எங்கள் தெருவில் ஏழு வீடு. இன்றைக்கு அதே தெருவில் எத்தனை குடும்பம் என்று போன மாதம் படியேறிப் போய் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. தெருவின் நீளம் அதேதான், அகலமும் அதேதான்.

இந்த வளர்ச்சியைத் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நம்மைப் போல ஒரு வீட்டுக்காகக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்க வந்தவர்கள். இன்னும் வருவார்கள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்களே, அது இனிமேல் இது ஊர் இல்லை, நகரம் என்று ஒத்துக்கொண்ட நாள். 70 வார்டு, ஐந்து மண்டலம். அனகாபுத்தூர் நெசவாளரும், குரோம்பேட்டை கடைக்காரரும், நாமும் ஒரே மாமன்றத்தின் கீழே. அதனால் என் கவலை நகரம் வருவதைப் பற்றியது கிடையாது. எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு என்ற வரிசையைப் பற்றியது.

நம் பக்கம் எப்போதும் மேலே இருப்பது முதலில் வந்துவிடுகிறது. வீடு வரும், அப்புறம் சாலை வரும், அப்புறம் விளக்கு வரும். மண்ணுக்கு அடியில் இருக்கவேண்டிய குடிநீர்க் குழாயும், பாதாளச் சாக்கடையும், மழைநீர்க் கால்வாயும் கடைசியாக வரும். வந்ததும் போட்ட சாலையைத் தோண்டும். தோண்டியதை மூடிவிட்டு அதன் மேலேயே ஒரு தார். எங்கள் தெருவில் இப்படி மூன்று முறை சாலை போட்டார்கள். முதல் முறை என் வீட்டு வாசலில் ஏறுவதற்கு இரண்டு படி இருந்தது. மூன்றாவது முறை முடிந்தபோது நான் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கவேண்டியிருந்தது. ஒப்பந்ததாரரிடம் கேட்டேன். “அடுத்த தடவை பார்க்கலாம்மா” என்றார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போடவேண்டும், உயரம் ஏறக்கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எழுத்தில் உத்தரவு போட்டிருக்கிறார். அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மில்லிங் இயந்திரம் தெருவுக்குள் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கவிடுவேன். எந்த வேலைக்கும் முன்னால் தெருவின் மட்டத்தை அளந்து சுவரில் கோடு போடவைப்பேன். முடிந்த பிறகு அந்தக் கோட்டை நீங்களே வந்து பார்க்கலாம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிக நேரம் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் 1, 2. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர்ப் பக்கம் அடையாறு ஊருக்குள் வந்தது. இந்தப் பக்கம் ஆறே கிடையாது, ஆனாலும் என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாமியாரை நாற்காலியோடு தூக்கி மேல்மாடி வீட்டில் உட்காரவைத்தோம். அந்த வீட்டுக்காரர்கள் ஆறு மாதத்துக்கு முன்னால் வந்த வாடகைக் குடும்பம். அதுவரை பேர்கூடத் தெரியாது. மூன்று நாள் அவர்கள்தான் சோறு போட்டார்கள். நான்கே வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே வீட்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. சென்னைக்குக் குடிக்க ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து நாள் காத்திருந்தோம்.

வெள்ளமும் வறட்சியும் இரண்டு தனிப் பிரச்சினை என்று நாம் நினைக்கிறோம். நான் ஒரு கணக்கு சொல்கிறேன், போன் வைத்திருப்பவர்கள் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக ஒரு வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், ஒரு கிரவுண்டில் விழும் தண்ணீர் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி இருபத்தைந்துக்கும் மேல்! நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவில், வருஷம் முழுக்கத் தேவை சுமார் இரண்டு லட்சம் லிட்டர். தனி வீட்டுக்கு வானம் தேவைக்கு மேலேயே கொடுக்கிறது. அதே கிரவுண்டில் எட்டு வீடு கட்டினால் தேவை பதினாறு லட்சம் லிட்டர் ஆகிவிடும். மீதி எங்கிருந்து வரும்? நிலத்தடியிலிருந்து உறிஞ்சவேண்டும், இல்லையென்றால் குழாயில் வரவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பேரூரில் ஒரு நாளைக்கு 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டுகிறார்கள், நல்ல விஷயம். அந்தத் தண்ணீரை நம் தெருவுக்குக் கேட்டு வாங்குவது என் வேலை. ஆனால் 2003-லேயே சட்டமாகிவிட்ட மழைநீர் சேகரிப்பை, குழாய் மட்டும் இருந்து தொட்டி தூர்ந்து கிடக்கும் வீடுகளில் உயிர்ப்பிப்பது நம் எல்லாருடைய வேலை. என் வீட்டுத் தொட்டியைப் போன வாரம் திறந்தேன். எட்டு வருஷமாகத் திறக்கவில்லை. முழுக்கச் சேறு.

கணக்கின் மறுபாதி யாரும் பேச விரும்பாதது. எட்டு வீட்டுக் குடியிருப்பிலிருந்து ஒரு நாளைக்கு மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர் கழிவுநீர் வெளியே வரும். பாதாளச் சாக்கடை எட்டாத தெருவில் இரண்டு நாளைக்கு ஒரு கழிவுநீர் லாரி கூப்பிடவேண்டும். மாதத்துக்குப் பதினைந்து லாரி. எந்தச் சங்கத்தால் இந்தச் செலவைத் தாங்க முடியும்? அதனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டு மழைநீர்க் கால்வாயில் விடுகிறார்கள். மழைநீர்க் கால்வாய் ஏரிக்குப் போகிறது. சிட்லபாக்கத்தில் 2019-ல் மக்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள், அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. நம் செம்பாக்கம் ஏரியையும் தன்னார்வ அமைப்புகளும் ஐஐடி ஆட்களும் சேர்ந்து சீரமைத்தார்கள். இவ்வளவு உழைப்பும் வீணாகாமல் இருக்கவேண்டுமென்றால், ஏரிக்கு வரும் சாக்கடையை நம் வாசலிலேயே நிறுத்தவேண்டும். ராத்திரி மோட்டார் போடுபவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு வேறு வழி கொடுக்கவேண்டும். பாதாளச் சாக்கடைக் குழாயும் வீட்டு இணைப்பும் முடிகிற வரைக்கும் அந்தத் தெருவில் புதுச் சாலைக்கு நான் கையெழுத்து கேட்க மாட்டேன். இரண்டு மழைக்காலம் குண்டும் குழியுமாக இருக்கலாம். அதை இப்போதே உங்களிடம் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டதாக நினைக்கக்கூடாது. குழிகளை மட்டும் அவ்வப்போது அடைப்போம்.

அப்புறம் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர்கள். 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது குற்றம். நம் வார்டில் ஒருவர்கூட இறங்கக்கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

இங்கே விழும் மழை எங்கே போகிறது தெரியுமா? சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகச் செம்பாக்கம் ஏரிக்கு வரும். செம்பாக்கம் நிறைந்தால் நன்மங்கலம். அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டில் கடல். அந்தப் பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, உலகமே காப்பாற்றச் சொல்லும் இடம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே இருப்பவன் மூழ்குவான், கீழே இருப்பவன் காய்வான். ஏரிகள் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் வரத்துக் கால்வாயும் போக்குக் கால்வாயும்தான் காணாமல் போய்விட்டன. சில இடத்தில் அது கார் நிறுத்தும் இடம், சில இடத்தில் ஒன்றரை அடி சிமெண்ட் பெட்டி. 2015-ல் என் வீட்டுக்குள் வந்த தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடித்தான் வந்தது. என் வீடே ஒரு போக்குக் கால்வாயின் ஓரத்தில் இருக்கிறது என்று பிற்பாடுதான் வட்டாட்சியர் அலுவலகத்தில் புல வரைபடம் வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பத்திரத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம்.

நம் வார்டின் புல வரைபடம் முழுவதையும் வாங்கி, பழைய கால்வாய் எங்கெங்கே ஓடியது என்று குறித்து, வார்டு அலுவலக வாசலில் பெரிதாக மாட்டுவேன். மனை வாங்க வருகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும். ஏழைகள் குடிசை போட்டிருக்கும் இடத்தை முதலில் இடித்துவிட்டுப் பெரிய மதிலை விட்டுவைக்கும் வேலைக்கு நான் உடன்பட மாட்டேன். அளவீடு எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். மாற்று வீடு கைக்கு வராமல் யாரையும் எழுப்பவும் கூடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெரிய அடுக்குமாடிக்கு அனுமதி கொடுப்பது கவுன்சிலர் கையில் இல்லை, அது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில். 1992-ல் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நகரத் திட்டமிடலை உள்ளாட்சியின் பட்டியலில் சேர்த்தது. முப்பது வருஷம் தாண்டியும் அந்த அதிகாரம் முழுசாக நம்மிடம் வந்து சேரவில்லை. ஆனாலும் நம்மால் செய்யக்கூடியது நிறைய. 2026-க்குப் பிறகு இருபது வருஷத்துக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் வருகிறது. எந்த நிலத்துக்கு எந்தப் பயன்பாடு, எவ்வளவு உயரம் என்று சொல்லும் தாள் அது. நம் கால்வாய் அந்த வரைபடத்தில் நீலக் கோடாக இருக்கவேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று 10 விழுக்காடு நிலத்தைத் தானப்பத்திரமாகக் கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். நம் வார்டில் அப்படிக் கொடுத்தது எத்தனை, இன்றைக்கு வேலிக்குள் பத்திரமாக இருப்பது எத்தனை என்று பட்டியல் கேட்டு வாங்குவேன்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி மேடையில் எல்லாரும் பேசுகிறோம், குடவோலையோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில், அங்கே ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர், 360 நாள் பதவி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. அந்தச் சபையில் என்னைப் போன்ற பெண்ணுக்கு இடமில்லை, நிலம் இல்லாதவருக்கும் இடமில்லை. அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கணக்கு விதி எனக்கு வேண்டும். இன்றைக்கு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நம் மாநகராட்சியின் பம்மலிலேயே முதலமைச்சர் வந்து உட்கார்ந்து பகுதி சபை நடந்தது. அந்தச் சபையை நம் வார்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டுவேன். எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, யாருக்கு ஒப்பந்தம், எவ்வளவு பில் ஆனது என்ற தாள் உங்கள் கையில் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களும் அவசியம் வரவேண்டும். எனக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். “நமக்கென்ன, நாளைக்கு வேறு வீடு” என்று ஒதுங்கவேண்டாம். ஒரு வருஷக் கணக்கை நான் காட்டவில்லையென்றால், மறு தேர்தலில் நானும் நிற்க மாட்டேன், என் வீட்டில் யாரும் நிற்க மாட்டார்கள். இதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நலச்சங்கத் தலைவரிடம் இப்போதே கொடுக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குச் செம்பாக்கம் ஏரிக் கலங்கலிலிருந்து நன்மங்கலம் ஏரி வரைக்கும், தண்ணீர் போகும் பாதையிலேயே நடக்கப் போகிறோம். கொடி வேண்டாம், மாலை வேண்டாம். புல வரைபடம் என்னிடம் இருக்கிறது. இங்கே நெல் நட்ட காலத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர் மதகு எங்கே இருந்தது என்று காட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், வழியெல்லாம் கண்ணாடித் துண்டு கிடக்கிறது.