பூச்சி விழாவிட்டாலும் மாத்திரை வேலை செய்கிறது

வணக்கம். அம்பாசமுத்திரத்துக்குக் கீழே, நெல்லும் வாழையும் மாறி மாறி நிற்கும் தாமிரபரணிக் கால்வாய்க் கரையிலிருந்து பேசுகிறேன். பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்த மறுநாள், "பூச்சி ஒண்ணுமே விழலியே, மாத்திரை கேக்கலையோ?" என்று தாய்மார்கள் கவலைப்படுவதை இங்கே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் காணொளி.

அந்தக் கவலைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. முந்தைய தலைமுறைக்குக் கொடுக்கப்பட்ட பைப்பரசின் மருந்து புழுவின் தசைகளைத் தளர்த்திவிடும். குடலின் ஓட்டத்தை எதிர்த்து நிற்க முடியாத உருண்டைப்புழு, பல நேரம் உயிரோடேயே மலத்தில் வந்து விழும். பைரான்டெல் என்னும் இன்னொரு பூச்சி மருந்து அதற்கு நேர்மாறாகத் தசைகளை இறுக்கி முடக்கினாலும், முடிவு அதேதான்.

இன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் அல்பெண்டசோல் வேறு வழியில் செல்கிறது. புழுவின் செல்களுக்குள் டியூபுலின் என்னும் புரதம் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாக அமைகிறது. உணவை உறிஞ்சும் குடற்செல்களின் வேலை இந்த நுண்குழல்களை நம்பியே நடக்கிறது. அல்பெண்டசோல் அந்த டியூபுலினைப் பற்றிக்கொண்டு, புதிய குழல்கள் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. குளுக்கோஸை உள்ளே இழுக்க முடியாத புழு, தன்னிடமுள்ள கிளைக்கோஜன் சேமிப்பைக் கரைத்துக் கரைத்து, சில நாட்களில் பட்டினியால் சாகிறது. செத்த புழு பெரும்பாலும் சிதைந்து மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை.

நம் செல்களிலும் டியூபுலின் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். புழுவின் டியூபுலினை இம்மருந்து பற்றும் வலிமை, நம்முடையதைப் பற்றும் வலிமையைவிடப் பன்மடங்கு அதிகம். அதோடு, விழுங்கிய மருந்தில் சிறு பகுதியே இரத்தத்தில் ஏறுகிறது. அதனால்தான் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒரு குழந்தை மென்று விழுங்க முடிகிறது. ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு அதில் பாதி போதும். சாட்டைப்புழுவுக்கு மட்டும் ஒரே வேளை மருந்து பல நேரம் போதுவதில்லை.

எனக்கு உண்மையில் மனம் பொறுக்காதது கொக்கிப்புழு விஷயம். அதன் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து, நுரையீரல் வழியாகச் சுற்றிக் குடலுக்கு வந்து, அங்கே குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கிறது. 2015 முதல் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாள் 1 முதல் 19 வயது வரையிலானவர்களை முதன்மையாகக் கொண்டது. வாழைத்தோட்டத்தில் செருப்பில்லாமல் நிற்கும் நம் அக்காமார், இரத்தசோகையோடு, பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அல்பெண்டசோலைத் தவிர்ப்பார்கள் என்பதால், நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.