மணலில் பூக்கும் நீலம்: காட்டு லூப்பினை விதையிலிருந்து வளர்ப்போம்

[காட்சி: மே மாதக் கடைசி. ரொறன்ரோ ஹை பார்க். ஓக் மரங்களுக்கு இடையே வெயில் விழும் மணல் மேடு. நீலப் பூக்கதிர்கள்.]

வணக்கம் உறவுகளே. ஏப்ரல் கடைசியில் செர்ரிப் பூ பார்க்க நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக இந்தப் பூங்காவுக்கு வருவார்கள். படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். நாலு கிழமை பொறுத்துத் திரும்பி வந்தால் இந்த நீலத்தைப் பார்க்கலாம். கூட்டமும் இருக்காது. இதன் பெயர் காட்டு லூப்பின். தாவரவியல் பெயர் லூபினஸ் பெரென்னிஸ். ஒன்ராறியோவின் தெற்கிலிருந்து கீழே புளோரிடா வரைக்கும், வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் மணல் உள்ள இடங்களில் தானாக முளைத்து வாழ்ந்த செடி. ஒருமுறை வேர் பிடித்தால் பல வருடம் அதே இடத்தில் நின்று பூக்கும்.

[காட்சி: இலைக்கு மிக அருகில்.]

முதலில் இலையைப் பாருங்கள். ஒரு காம்பின் நுனியில் ஏழு முதல் பதினொரு சிற்றிலை, குடைக்கம்பி விரிந்தமாதிரி. நேற்று இரவு மழை பெய்தது. சிற்றிலைகள் எல்லாம் கூடுகிற நடுப்புள்ளியில் ஒரே ஒரு துளி உருண்டையாக நிற்கிறது, தாமரை இலையில் நிற்பதுபோல. வெயில் ஏற ஏற இந்த இலைகள் சூரியனுக்கு முகம் திருப்பும். அதனால்தான் ஆங்கிலத்தில் இதைச் சூரியக் கடிகார லூப்பின் என்றும் சொல்கிறார்கள்.

பூவைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வரும். கிலுகிலுப்பை, அகத்தி, பயற்றை எல்லாம் இதன் குடும்பம்தான். இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற தேனீக்கு மகரந்தம்தான் கூலி. இதோ, உடம்பெல்லாம் மயிருள்ள ஒரு பம்பிள்பீ வந்து இருக்கிறது. பக்க இதழ் இரண்டிலும் அது கால் வைத்து அமுக்கியதும், அடியில் படகுபோல மூடியிருக்கிற இதழின் நுனியிலிருந்து மகரந்தம் பற்பசை பிதுங்குகிறமாதிரி வெளியே வருகிறது. பாருங்கள், வயிற்றில் ஒட்டிவிட்டது.

[காட்சி: நீல வண்ணத்துப்பூச்சியின் ஓவியம்.]

வளர்க்கிற முறைக்குப் போகமுதல் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பற்றிக் கதைக்கவேண்டும். கார்னர் நீலம் என்று பெயர். சிறகு விரித்தால் ஓர் அங்குலம், அவ்வளவுதான். நியூயோர்க் மாநிலத்தில் ஆல்பனிக்குப் பக்கத்தில் கார்னர் என்று ஒரு சின்ன ரயில் நிலையம் இருந்தது. அந்த இடத்தின் பெயர்தான் பூச்சிக்கு. இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் நாவலாசிரியர் விளாதிமிர் நபோக்கோவ். அவர் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளரும்கூட. இந்தப் பூச்சியின் புழு இயற்கையில் தின்பது ஒரேயொரு செடியை: நான் காட்டுகிற இந்தக் காட்டு லூப்பினை. லூப்பின் இல்லாத இடத்தில் புழு பட்டினிதான். மணல் நிலங்கள் வீடும் வீதியுமாக மாறின. எஞ்சிய இடங்களில் முதற்குடிகள் காலங்காலமாகத் தீ வைத்துவந்த வழக்கம் நின்றதால் மரம் அடர்ந்து நிழல் மூடியது. லூப்பின் குறைந்தது, கூடவே பூச்சியும் குறைந்தது. ஒன்ராறியோவில் கடைசியாக 1991இல் கண்டார்கள். அதற்குப் பிறகு கனடாவிலேயே இல்லை. அமெரிக்கா 1992இல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

ஆகவே, "லூப்பின்" என்ற பெயரில் விற்கிற எதையாவது நட்டால் போதாது. இந்த லூப்பினைத்தான் நடவேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் வருடம் ஒரு தோட்டக் கடையில் பூப்படம் போட்ட விதைப் பைக்கற் வாங்கினேன். வட அமெரிக்கக் காட்டுப்பூ என்று எழுதியிருந்தது. இரண்டாம் வருடம் இடுப்பளவு உயர்ந்து, தடித்த கதிரோடு பூத்தது. வடிவுதான், மறுக்கமாட்டேன். ஆனால் இலையை எண்ணினால் பதினைந்து சிற்றிலை. அது கண்டத்தின் மேற்குக் கரையைச் சேர்ந்த வேறு இனம், லூபினஸ் பொலிஃபில்லஸ். தோட்டங்களில் இருக்கிற பல நிற லூப்பின்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. இங்கிலாந்தில் யோர்க் நகரத்துத் தோட்டக்காரர் ஜோர்ஜ் ரஸ்ஸல் பல வருடம் தேர்ந்தெடுத்து வளர்த்து 1937இல் உலகத்துக்குக் காட்டிய வகைகள் அவை. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்துக்குப் போனவர்கள் தெருவோரம் பார்த்து வியக்கிற லூப்பினும் மேற்கத்திய இனம்தான். அந்த மாநிலத்தின் சொந்த லூப்பின் அங்கே அழிந்துபோயிற்று. இரண்டும் பக்கத்தில் நின்றால் கலப்பும் ஆகும். நான் என் செடிகளைப் பூ உதிர்வதற்குள் வேரோடு எடுத்துவிட்டேன். நீங்கள் வாங்கும்போது பைக்கற்றில் "லூபினஸ் பெரென்னிஸ்" என்ற முழுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூர்த் தாவரங்கள் மட்டும் விற்கிற நாற்றுமேடைகளில் கேளுங்கள். பூங்காவில் விதை பறிக்காதீர்கள். அங்கே எஞ்சி இருப்பதே கொஞ்சம்.

[காட்சி: சமையலறை மேசை. வெள்ளைத் தட்டில் புள்ளிபோட்ட விதைகள். உப்புத்தாள்.]

இனி விதை. தோல் கல்லுமாதிரி. தண்ணீர் உள்ளே போகாது. அப்படியே தொட்டியில் போட்டால் சிலது இந்த வருடம் முளைக்கும், சிலது அடுத்த வருடம், சிலது அதற்கும் பிறகு. காட்டில் அது செடிக்கு நல்லது, ஒரு வருடம் மழை பிழைத்தாலும் வம்சம் தப்பும். நமக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும், இல்லாவிட்டால் தோலைக் கொஞ்சம் உரசவேண்டும்.

உப்புத்தாளை இப்படி மடித்து, நடுவில் பத்து விதை வைத்து, விரலால் அமுக்கி ஏழெட்டுத் தடவை உருட்டுகிறேன். பளபளப்புப் போய்த் தோல் மங்கினால் போதும். உள்ளே வெள்ளைப் பருப்புத் தெரிந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு. காலையில் பாருங்கள், தண்ணீர் குடித்தது கடலை ஊறினமாதிரி இரண்டு பங்கு பருத்திருக்கும். பருக்காமல் அப்படியே கிடக்கிறதை எடுத்துத் திரும்ப உரசுங்கள்.

ஊறின விதையைப் பார்த்து யாருக்காவது சுண்டல் யோசனை வந்தால், வேண்டாம். இத்தாலியக் கடைகளில் உப்புத் தண்ணீரில் போட்டு விற்கிற லூப்பின் கொட்டை வேறு இனம், அதையும் நாட்கணக்காகத் தண்ணீர் மாற்றிக் கசப்பு எடுத்துத்தான் உண்பார்கள். இந்தக் காட்டு லூப்பின் விதையில் நச்சு ஆல்கலாய்டு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் விதைத் தட்டை மேசையில் விட்டுவிட்டுப் போகவேண்டாம்.

ஊறிய விதையை ஈரமணலோடு கலந்து, ஒரு பையில் கட்டி, பிரிட்ஜில் ஏழு முதல் பத்து நாள். பிறகு விதைப்பு. இது வசந்தகாலத்தில் விதைப்பவர்களுக்கு.

எனக்குப் பிடித்தது மற்ற முறை: நவம்பரில், நிலம் உறையமுதல், நேரே மண்ணில் விதைப்பது. அப்போது உரசவும் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். பனிக்காலம் முழுக்க மண் உறைவதும் இளகுவதுமாக இருக்கும், தோல் தானாக விரியும். உரசிய விதையை நவம்பரில் போட்டால் குளிர் முற்றமுதலே முளைவிட்டுச் செத்துப்போகலாம், அல்லது ஈரத்தில் அழுகிவிடும்.

[காட்சி: பின்வளவு. மரச்சட்டம் அடித்த மணல் பாத்தி.]

மண்ணைப் பற்றித்தான் நான் கூடச் சொல்லவேண்டும். நம் ஆட்கள் தோட்டம் என்றால் மாட்டெரு, கோழியெரு, நல்ல கறுத்த மண் என்று தேடுவார்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது சரி. இந்தச் செடிக்கு மணல் வேண்டும். எரு வேண்டாம். ஸ்காபரோவில் எங்கள் வளவு களிமண், மழை பெய்தால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் நிற்கும். லூப்பினுக்கு அது சாவு. நான் முழங்கால் உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து மணல் கொட்டினேன். சுண்ணாம்புக்கல் கலக்காத மணலாகக் கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பு கூடினால் இலை மஞ்சளாகும், இதற்குக் கொஞ்சம் புளிப்பு மண்தான் பிடிக்கும். வெயில் நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது விழவேண்டும்.

எரு இல்லாமல் எதைத் தின்று வளரும்? ஊரில் கச்சான் பிடுங்கினவர்களுக்குத் தெரியும், வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். அந்த முடிச்சுக்குள் பாக்டீரியா இருந்துகொண்டு காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உணவாக மாற்றிக் கொடுக்கிறது. லூப்பினும் அப்படித்தான். லத்தீனில் லூபஸ் என்றால் ஓநாய். நிலத்தின் சத்தை ஓநாய்போலத் தின்றுவிடும் என்று அந்தக்காலத்தில் நினைத்து வைத்த பெயர் என்பார்கள். உண்மையில் இது நிலத்துக்குச் சத்துக் கொடுக்கிற செடி. ஆனால் லூப்பினோடு சேர்கிற பாக்டீரியா தனி, அவரைக்கும் பட்டாணிக்கும் விற்கிற பாக்டீரியாப் பொடி உதவாது. லூப்பினுக்கு என்று கேட்டு வாங்கி, விதை ஈரமாக இருக்கும்போதே பிரட்டி விதைக்கவேண்டும். யூரியா மாதிரி நைதரசன் உரம் போட்டால் வேர் முடிச்சு உண்டாகாது, பக்கத்தில் புல்தான் கொழுக்கும்.

விரல் நகம் மறைகிற ஆழத்தில் விதையை வைத்து, மணலைக் கையால் அமுக்குங்கள். விதைக்கு விதை ஓர் அடி இடைவெளி.

[காட்சி: கண்ணாடிப் பெட்டியில் வளர்ந்த நாற்று. நீண்ட ஆணிவேர்.]

இந்த வேரைப் பாருங்கள். மேலே இலை நாலு, கீழே வேர் என் முழங்கையளவு. பனங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வடமராட்சியில் எங்கள் அம்மாவுக்குப் பனையைப் பெயர்த்து நடுகிற யோசனையே வந்திருக்காது. எங்கே நிற்கவேண்டுமோ அங்கேதான் கொட்டையைப் புதைப்பது. லூப்பினுக்கும் அதே சட்டம். வளர்ந்த செடியைக் கிண்டிப் பிரித்து நட்டால் ஆணிவேர் அறும், பெரும்பாலும் பிழைக்காது. தொட்டியில்தான் தொடங்கவேண்டும் என்றால், ஓர் அடி ஆழமான குழாய்த் தொட்டியில் ஒரு விதை வைத்து, அந்தக் கோடைக்குள்ளேயே மண் கட்டி உடையாமல் நட்டுவிடுங்கள்.

முதல் வருடம் சின்ன இலைக்கொத்து மட்டும். முயலுக்கு இந்த இளம் இலை மிகவும் பிடிக்கும், கோழிவலை கட்டாயம். நத்தையும் வரும். முதல் கோடையில் வாரத்துக்கு ஒருக்கால் தண்ணீர் ஊற்றுங்கள், அடுத்த வருடத்திலிருந்து அதுவும் தேவையில்லை. பூ இரண்டாம் வருடம் வரலாம், மூன்றாம் வருடமும் ஆகலாம். இன்னொன்று: விதை முற்றியபிறகு ஆடி, ஆவணி வெயிலில் இலை மஞ்சளாகிச் செடி மறைந்துவிடும். செத்துவிட்டது என்று நினைத்து என் மூத்த அண்ணா ஒரு பாத்தியைக் கிண்டி மிளகாய் நட்டுவிட்டார். கீழே வேர் உயிரோடுதான் இருந்தது. அதனால் இப்போது ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டிருக்கிறேன்.

[காட்சி: ஹை பார்க். கரிந்த நிலத்தில் புதிய முளைகள்.]

பூங்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து, வசந்தகாலத்தில், நிலைமை பார்த்து, பயிற்சி பெற்றவர்கள் அளவாகத் தீ வைக்கிறார்கள். இந்த மண்ணின் முதற்குடிகள் காலங்காலமாகச் செய்த வேலை அது. சருகும் புதரும் எரிய, வெயில் நிலத்தைத் தொடும், மணல் வெளிப்படும். ஆழத்து வேரிலிருந்து லூப்பின் மேலே வரும். வீட்டில் தீ வேண்டாம். கார்த்திகையில் சருகை வாரி எடுத்து, புல்லைக் கையால் பிடுங்கினால் போதும்.

[காட்சி: சமையலறை ஜன்னலோரம். வாய் மடித்த காகிதப் பை.]

கடைசி வேலை, விதை எடுப்பது. ஆனிக் கடைசியில் காய் கறுக்கத் தொடங்கும். மெல்லிய மயிர் மூடிய காய், பயற்றம்காயின் குட்டிமாதிரி. ஊரில் வெடிக்காய்ச் செடி என்று ஒன்று உண்டு, காயை எச்சிலில் நனைத்தால் வெடிக்கும். இது நேர்மாறு, காய்ந்தால் வெடிக்கும். இரண்டு ஓடும் திருகாணிபோல முறுகி, விதையைச் சில அடி தூரம் வீசிவிடும். அந்த நாளைத் தவறவிட்டால் உங்களுக்கு விதை இல்லை. பாதி கறுத்தபோதே காம்போடு வெட்டி, காகிதப் பையில் போட்டு வாயை மடித்துவிடுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.

போன வருடம் எட்டுக் கதிர் வெட்டி வைத்தேன். இரவு பதினொரு மணிக்குப் பைக்குள் டக் என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு. அம்மா அறைக்குள்ளிருந்து, "ஆர் பிள்ளை கதவு தட்டுறது?" என்று கேட்டார். கூட்டிவந்து பையைக் காதில் வைத்துக் காட்டினேன். விடியுமட்டும் வெடித்தது. காலையில் அம்மாவே தட்டில் கொட்டி, புடைத்து, எண்ணினார்: நூற்றுப் பதின்மூன்று விதை. அதில் பாதி இந்த நவம்பரில் பக்கத்து வீட்டு வேலியோரம் போகிறது. மணலை அவர்கள் ஏற்கெனவே கொட்டிவிட்டார்கள்.